தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நீட்டப்படும் காகிதம்

நெய்யாற்றின்கரையிலிருந்து மலையடிவாரத்தை நோக்கிச் செல்லும் வழியில் இருக்கிறது பெருங்கடவிளை. ரப்பர்த் தோட்டங்கள், வாழை, மரவள்ளி, கட்டட வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் செல்லும் ஆண்களும் பெண்களும் என, தென் கேரளத்தின் எந்த உழைப்பாளிக் கிராமத்துக்கும் உரிய தோற்றம்தான். சற்றுத் தொலைவில் பாறசாலை. அதைத் தாண்டினால் தமிழ்நாடு. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கோரிய நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. அன்று போடப்பட்ட கோடு பள்ளிப் பாடநூலையும் ரேஷன் அட்டையையும் பிரித்தது, நோயைப் பிரிக்கவில்லை. ரத்தப் புற்றுநோய் என்ற ஐயம் எழுந்தால் கோட்டின் இருபுறத்தவரும் ஒரே திசையில்தான் பேருந்து ஏறுகிறார்கள். திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1981இல் தொடங்கப்பட்ட மண்டலப் புற்றுநோய் மையம், மக்கள் வழக்கில் ஆர்.சி.சி., இரு பகுதி ஏழைகளுக்கும் முதல் நம்பிக்கை.

பெருங்கடவிளையின் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். குறிப்பிட்ட எவரையும் அல்ல. இத்தகைய கிராமங்களில் தணிப்புச் சிகிச்சை ஊழியர்கள் நன்கறிந்த ஒரு வகை வாழ்க்கையை. வயது நாற்பத்தைந்து. விடாத காய்ச்சல், ஈறுகளில் ரத்தக் கசிவு, நெய்யாற்றின்கரை மருத்துவமனையில் ஒரு ரத்தப் பரிசோதனை, அங்கிருந்து ஆர்.சி.சி. கடும் மைலாய்டு ரத்தப் புற்று என்று தெரிகிறது. கீமோ தொடங்குகிறது. அந்த மருந்து புற்றணுக்களோடு உடலின் காவலர்களான வெள்ளணுக்களையும் அழிக்கிறது. இரண்டு மூன்று வாரங்களுக்கு உடல் திறந்த வீடாகக் கிடக்கிறது. பன்னிரண்டாம் நாள் காய்ச்சல். பதினான்காம் நாள் மூச்சுத்திணறல். செயற்கைச் சுவாசக் கருவி வேண்டும் என்கிறார்கள். அரசு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் படுக்கைகள் நிரம்பியிருக்கின்றன. தனியாரிடம் இடம் இருக்கிறது, முன்பணம் கேட்கிறார்கள். மனைவியின் நகை கூட்டுறவு வங்கிக்குப் போகிறது. ஐந்தாம் நாள் அந்தப் பணமும் தீர்கிறது.

அப்போது ஒரு காகிதம் நீட்டப்படுகிறது. மருத்துவ ஆலோசனைக்கு மாறாக, தங்கள் சொந்தப் பொறுப்பில் நோயாளியை அழைத்துச் செல்வதாகக் குடும்பத்தார் எழுதிக் கொடுக்க வேண்டும். மனைவி கையெழுத்திடுகிறார். ஆம்புலன்சில் ஒருவர் காற்றுப் பையைக் கையால் அழுத்திக்கொண்டே வருகிறார். வீட்டுத் திண்ணையில் கிடத்தியபின் அந்தக் கை நின்றுவிடுகிறது. வலிக்கு மருந்தில்லை, மூச்சுத்திணறலைத் தணிக்க ஒரு துளி மார்பின் இல்லை. மருத்துவமனையின் ஏட்டில் அது மரணமாகப் பதிவாவதில்லை. ‘ஆலோசனையை மீறி வெளியேறியவர்’ என்ற கட்டத்தில் ஒரு எண் கூடுகிறது.

இந்திய மருத்துவமனைகளில் வாழ்வின் இறுதி குறித்து மிகப் பரவலாக எடுக்கப்படும் ‘முடிவு’ இதுதான். இதில் எவரும் எதையும் முடிவு செய்யவில்லை என்பதே இதன் கொடுமை. அவர் பிழைக்க வாய்ப்பிருந்ததா, இல்லையா என்று யாரும் சொல்லவில்லை. அவர் எதை விரும்பியிருப்பார் என்று யாரும் கேட்கவில்லை. கையில் இருந்த பணம் எத்தனை நாளைக்கு வந்ததோ, சிகிச்சையும் அத்தனை நாள் வந்தது.

அக்கரை உண்டா?

ரத்தப் புற்று நோயாளியைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ப்பது வீண் என்ற கருத்து மருத்துவ உலகில் நெடுங்காலம் ஆட்சி செய்தது. சென்ற நூற்றாண்டின் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சுவாசக் கருவியில் வைக்கப்பட்ட இத்தகைய நோயாளிகளில் பெரும்பான்மையோர் பிழைக்கவில்லை. ஆகவே அவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புவது கருணை என்றும், படுக்கையை வேறொருவருக்குத் தருவது நியாயம் என்றும் நம்பப்பட்டது. அந்தக் காலத்துப் புள்ளிவிவரங்களுக்கு அது பொருந்தியிருக்கலாம். பின்னர் நிலைமை மாறியது. கிருமிக்கொல்லிகளும் பூஞ்சைக் கொல்லிகளும் மேம்பட்டன. குழாய் செருகாமல் முகமூடி வழியே சுவாசம் தரும் முறைகள் வந்தன. புற்றுக்கான மருந்துகளே மாறின. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் 17 மையங்களில் தீவிர சிகிச்சை பெற்ற 1,011 ரத்தப் புற்று நோயாளிகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 2013இல் வெளியானது. அவர்களில் 60 விழுக்காட்டுக்கும் சற்று அதிகமானோர் உயிருடன் மருத்துவமனையைவிட்டு வீடு திரும்பினர். ஓராண்டுக்குப் பின்னும் 43 விழுக்காட்டினர் வாழ்ந்துகொண்டிருந்தனர். வசதி மிக்க ஐரோப்பிய மருத்துவமனைகளின் கணக்கு இது. இந்தியாவுக்கு அப்படியே பொருந்தும் எனக் கொள்ள முடியாது. ஆயினும் ‘புற்று என்றால் வென்டிலேட்டர் வீண்’ என்ற ஒற்றை வரித் தீர்ப்பை இந்த எண்கள் தகர்த்துவிட்டன.

தமிழ்நாட்டிலேயே இன்னும் கூர்மையான சான்று இருக்கிறது. கடும் புரோமைலோசைட்டிக் ரத்தப் புற்று என்றொரு வகை உண்டு. வந்து சேரும் நாளில் இதைவிட அச்சமூட்டும் நோயாளி இருக்க மாட்டார். மூளையிலும் நுரையீரலிலும் ரத்தம் கசியும், முதல் சில வாரங்களில் மரணம் வாசலில் நிற்கும். அந்த வாரங்களைக் கடத்திவிட்டால், ரத்தப் புற்றுகளிலேயே முழுமையாகக் குணமாகும் வாய்ப்பு மிக அதிகமுள்ள நோய்களில் ஒன்று அது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள், தங்கள் மருந்தகத்திலேயே தயாரித்த ஆர்செனிக் டிரையாக்சைடை மட்டும் கொண்டு, 1998 முதல் 2004 வரை 72 நோயாளிகளுக்குச் சிகிச்சையளித்தனர். 86 விழுக்காட்டினரிடம் நோய் முழுமையாகப் பின்வாங்கியது. 2006இல் வெளியான அந்த ஆய்வு உலகம் முழுவதும் எடுத்துக்காட்டப்படுகிறது. விலையுயர்ந்த மேலை நாட்டு மருந்துத் திட்டங்களை வாங்க இயலாத நாட்டில், பழைய நஞ்சு ஒன்றைப் புது மருந்தாக்கிய சாதனை அது. இத்தகைய நோயாளி ஒருவர் முதல் வாரத்தில் படுக்கை கிடைக்காமல் இறந்தால், அதை ‘விதி’ என்றோ ‘புற்று’ என்றோ எழுதக்கூடாது.

இதன் மறுபக்கமும் உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. இரண்டு முறை கீமோவுக்குப் பின்னும் திரும்பி வந்த நோய். எலும்பு மஜ்ஜை மாற்றியபின்னும் மீண்ட நோய். எந்த மருந்துக்கும் இனி அசையாத நோய். இந்நிலையில் நுரையீரலும் சிறுநீரகமும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும்போது, சுவாசக் கருவியும் டயாலிசிசும் நோயாளியைக் கரை சேர்ப்பதில்லை. அவை இறப்பை நீட்டுகின்றன. கைகள் கட்டப்பட்டு, தொண்டையில் குழாயுடன், ஒருநாளில் சில நிமிடங்கள் மட்டும் உறவினர் முகம் காட்டப்பட்டு, விளக்கு அணையாத அறையில் பத்து நாள் கிடந்து சாவதைச் சிகிச்சை என்று அழைக்க முடியாது.

தீவிர சிகிச்சை ஒரு பாலம். பாலத்துக்கு அக்கரை வேண்டும். கீமோவுக்குப் பின் மஜ்ஜை மீண்டும் வெள்ளணுக்களைப் பிறப்பிக்கும் வரை அந்தப் பால்வெட்டுத் தொழிலாளியைத் தாங்கியிருந்தால், அவருக்கு அக்கரை இருந்திருக்கக்கூடும். ஐந்தாம் நாளில் பணம் தீர்ந்ததால் பாலத்தின் நடுவில் இறக்கிவிடப்பட்டார். அதே மருத்துவமனையில், அதே வாரத்தில், அக்கரையே இல்லாத இன்னொரு நோயாளி, காப்பீடும் வெளிநாட்டில் மகனும் இருந்ததால், மூன்று வாரம் பாலத்தில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கலாம். இரண்டும் ஒரே அநீதியின் இரு முகங்கள்.

எவருக்கு அக்கரை உண்டு என்பதை முதல் நாளிலேயே அறிவது கடினம். பாரிசின் செயின்ட் லூயி மருத்துவமனை மருத்துவர்கள் இதற்கு ஓர் அடக்கமான விடை கண்டனர். படுத்த படுக்கையாகவோ, மருத்துவத்தால் இனி எதுவும் செய்ய இயலாத நிலையிலோ இல்லாத நோயாளி அனைவரையும் முதலில் சேர்த்துக்கொள்வது. சில நாட்கள் எந்தக் குறையுமின்றி முழுச் சிகிச்சை அளிப்பது. பிறகு மீண்டும் கூடிப் பேசுவது. 2007இல் வெளியான அவர்களது ஆய்வின்படி, சேர்க்கும் நாளில் நோயாளி எவ்வளவு மோசமாக இருந்தார் என்பது பெரிதாக எதையும் சொல்லவில்லை. ஆறாம் நாளில் உறுப்புகள் மீள்கின்றனவா, சரிகின்றனவா என்பதே சொன்னது. ரத்தப் புற்று நோயாளிகளுக்கு இன்னும் கூடுதல் நாட்கள் தேவைப்படலாம் என்று பிந்தைய ஆய்வுகள் சுட்டின. காலவரம்புள்ள முயற்சி என இதனை அழைக்கலாம். இங்கே நடப்பதும் ஐந்து நாள் முயற்சிதான்; அங்கே வரம்பைக் குறிப்பது உடலின் போக்கு, இங்கே வங்கியில் வைத்த நகையின் எடை.

சட்டம் சொன்னதும் சொல்லாததும்

2018 மார்ச் 9 அன்று காமன் காஸ் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியத்துடன் இறப்பதும் அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதியே எனத் தீர்ப்பளித்தது. மீள வழியில்லாத நோயில் உயிர்காப்புக் கருவிகளை விலக்கலாம். தனக்கு எது வேண்டாம் என்பதை ஒருவர் முன்கூட்டியே உயிலாக எழுதி வைக்கலாம். ஏடுகள் இதைக் ‘கருணைக் கொலைக்கு அனுமதி’ என்று தலைப்பிட்டன. அந்தச் சொல்லே விவாதத்தைக் கெடுத்துவிட்டது. பயனற்ற கருவியை விலக்கும்போது உயிரைப் பறிப்பது நோய். மருத்துவரோ, கையெழுத்திட்ட மனைவியோ அல்ல. இந்த வேறுபாடு புரியாமல், வாழ்நாள் முழுவதும் ‘நானே கொன்றுவிட்டேன்’ என்று குமுறும் பெண்கள் எத்தனை பேர்!

2018இன் நெறிமுறைகள் நடைமுறைக்கு ஒவ்வாதவையாக இருந்தன. நீதித்துறை நடுவரின் முன் கையெழுத்திட்டு எத்தனை பேர் உயில் எழுத முடியும்? 2023 ஜனவரி 24 அன்று உச்ச நீதிமன்றம் அவற்றை எளிதாக்கியது. இப்போது இரு சாட்சிகளும், நோட்டரியோ அரசிதழ்ப் பதிவு அலுவலரோ போதும். மருத்துவமனையில் சிகிச்சையளிக்கும் மருத்துவருடன் ஐந்தாண்டு அனுபவமுள்ள இரு வல்லுநர்கள் கொண்ட முதல் குழு. அதன் முடிவைச் சரிபார்க்க, மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர் நியமிக்கும் மருத்துவர் இடம்பெறும் இரண்டாம் குழு. ஒவ்வொன்றும் இயன்றவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். உயில் இல்லாத நோயாளிக்கும், நெருங்கிய உறவினரின் ஒப்புதலுடன் இதே வழி திறந்திருக்கிறது.

தாளில் இருப்பது இது. மருத்துவமனைகளில் எத்தனையில் இந்தக் குழுக்கள் இயங்குகின்றன? கர்நாடக அரசு 2025 ஜனவரியில்தான் இதற்கென ஆணை பிறப்பித்தது. ஒன்றியச் சுகாதார அமைச்சகம் 2024இல் ஒரு வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. மருத்துவர்கள் வழக்குகளுக்கும் நெருக்கடிக்கும் ஆளாவார்கள் என்று இந்திய மருத்துவச் சங்கத் தரப்பிலிருந்து எதிர்ப்பு எழுந்தது. குழு இல்லாத இடத்தில், பொறுப்பேற்க அஞ்சும் மருத்துவருக்கும் பணம் தீர்ந்த குடும்பத்துக்கும் ஒரே வாயிலாகத் திறந்திருப்பது அந்தக் காகிதம்தான். அதில் கையெழுத்து விழுந்த கணத்தில் மருத்துவரின் பொறுப்பு முடிகிறது; மருத்துவமனையின் பொறுப்பு முடிகிறது; அரசின் பொறுப்பும் முடிகிறது. எல்லோருடைய பொறுப்பும் எழுதப்படிக்கச் சிரமப்படும் ஒரு பெண்ணின் தலையில் இறங்குகிறது.

இடதுசாரிகளின் ஐயம்

இறுதிக்காலச் சிகிச்சையை நிறுத்தும் உரிமை பற்றிப் பேசினாலே இடதுசாரி அணிகளில் ஓர் ஐயம் எழுவதுண்டு. சிகிச்சையே கிடைக்காத நாட்டில் சிகிச்சையை மறுக்கும் உரிமை யாருக்கு வேண்டும்? ‘கண்ணியம்’ என்ற அழகிய சொல், செலவைக் குறைக்க நினைக்கும் அரசுக்கும் படுக்கையைக் காலி செய்ய நினைக்கும் நிர்வாகத்துக்கும் கைக்கருவியாகாதா? ஏழையின் ஒப்புதல் உண்மையில் ஒப்புதலா?

இந்த ஐயம் நியாயமானது. தேசியச் சுகாதாரக் கொள்கை 2017, அரசின் சுகாதாரச் செலவை 2025க்குள் உள்நாட்டு மொத்த உற்பத்தியில் 2.5 விழுக்காடாக உயர்த்துவதாக வாக்களித்தது. 2021-22ஆம் ஆண்டின் தேசியச் சுகாதாரக் கணக்கின்படி, பெருந்தொற்றின் நடுவிலும் அது 1.84 விழுக்காடுதான். மொத்தச் செலவில் 39 விழுக்காட்டுக்கும் மேல் மக்கள் தங்கள் சட்டைப்பையிலிருந்து நேரடியாகக் கொடுத்தார்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் என்ற காப்பீட்டு வரம்பு, மஜ்ஜை மாற்றும் சில வாரத் தீவிர சிகிச்சையும் சேர்ந்தால் கண்ணெதிரே கரைந்துவிடும். மறுபுறம், மருத்துவமனைகளே நிதிமூலதனத்தின் பண்டமாகிவிட்டன. அமெரிக்காவின் பிளாக்ஸ்டோன் நிதியத்தின் பிடியிலுள்ள குவாலிட்டி கேர் நிறுவனம் 2023இல் திருவனந்தபுரத்தின் கிம்ஸ் ஹெல்த்தின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியது. 2024இல் கே.கே.ஆர். நிதியம் கோழிக்கோடு பேபி மெமோரியல் மருத்துவமனையில் அதையே செய்தது. முதலீட்டுக்கு ஈவு தேடும் நிதியத்துக்குப் படுக்கை ஒவ்வொன்றும் நாள்தோறும் வருவாய் தர வேண்டிய சொத்து. அத்தகைய அமைப்பில், நம்பிக்கை இல்லாத நோயாளி பணம் உள்ளவரை நீட்டிக்கப்படுவதும், நம்பிக்கை உள்ள நோயாளி பணம் தீர்ந்ததும் வெளியேற்றப்படுவதும் தனிமனிதத் தீமையால் நிகழ வேண்டியதில்லை. கணக்கே அப்படிச் செய்துவிடும்.

ஆனால் இந்த ஐயத்திலிருந்து ‘எனவே எல்லோருக்கும் எல்லாமும் கடைசி மூச்சுவரை’ என்ற முடிவுக்குத் தாவுவது பிழை. அது தனியார் மருத்துவமனையின் ரசீதுக்கு ஆதரவாக முடியும். உழைப்பாளிக்கும் வலியின்றி, வீட்டாரின் கையைப் பற்றியபடி இறக்கும் உரிமை உண்டு. அது மேல்தட்டின் ஆடம்பரம் அல்ல. பிரச்சினை உரிமையில் இல்லை. வாழும் வாய்ப்பு மறுக்கப்பட்டவனிடம் சாகும் உரிமையை மட்டும் நீட்டுவதில்தான் இருக்கிறது. முதலில் சிகிச்சை இலவசமாகவும் முழுமையாகவும் கிடைக்க வேண்டும். அப்போதுதான் ‘போதும்’ என்று ஒருவர் சொல்வது அவருடைய சொல்லாக இருக்கும்.

சிகிச்சையின் விலையைப் போராட்டம் மாற்றும் என்பதற்கு ரத்தப் புற்றே சாட்சி. நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுக்கான இமாட்டினிப் மருந்தை நோவார்ட்டிஸ் நிறுவனம் கிளீவெக் என்ற பெயரில் மாதம் சுமார் ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்கு விற்றது. இந்திய நிறுவனங்களின் மருந்து பத்தாயிரம் ரூபாய் அளவில் கிடைத்தது. 2005இல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோது, பழைய மருந்தின் சிறு மாற்றத்துக்குப் புதுக் காப்புரிமை தருவதைத் தடுக்கும் 3(டி) பிரிவுக்காக நாடாளுமன்றத்தில் அழுத்தம் கொடுத்தவர்கள் இடதுசாரிகள். அந்தப் பிரிவைக் கொண்டே 2006இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் நோவார்ட்டிசின் விண்ணப்பத்தை நிராகரித்தது. 2007இல் சென்னை உயர் நீதிமன்றம் அப்பிரிவுக்கு எதிரான வழக்கைத் தள்ளியது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் மேல்முறையீட்டையும் தள்ளியது. அந்த நோயாளிகளில் பெரும்பாலோர் இன்று தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலுக்கே வருவதில்லை; மாத்திரை விழுங்கிவிட்டு வேலைக்குப் போகிறார்கள். இப்போது கார்-டி உயிரணுச் சிகிச்சை வந்திருக்கிறது. மும்பை ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு மருத்துவமனையும் உருவாக்கிய, 2023 அக்டோபரில் அனுமதி பெற்ற நெக்ஸ்கார்19 வெளிநாட்டு விலையில் ஒரு சிறு பங்குதான். ஆனாலும் பல பத்து லட்சம். அதைப் பெறுபவருக்குச் சில நாட்கள் தீவிர சிகிச்சைக் கண்காணிப்பும் தேவைப்படலாம். பொதுப் பணத்தில் பிறந்த அந்த மருந்துக்குப் பொது மருத்துவமனைப் படுக்கை இல்லையென்றால் அது யாருக்காகப் பிறந்தது?

யாரிடம் கேட்பது

நோயாளியிடம் கேட்பது என்பது இங்கே அரிதான பழக்கம். ‘அவருக்குச் சொல்ல வேண்டாம், தாங்க மாட்டார்’ என்று அறைக்கு வெளியே நின்று மருத்துவரிடம் வேண்டிக்கொள்வது எல்லையின் இருபுறத்திலும் ஒன்றுதான். மொழி மட்டும் சற்று மாறும். அன்பினால் செய்யப்படும் இந்த மறைப்பின் விளைவு, மயங்கிக் கிடக்கும் நாளில் அவர் மனதை அறிந்தவர் ஒருவரும் இல்லாமற்போவது. பெண் நோயாளியாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். இந்தியப் புற்றுநோய் மையங்களின் பதிவேடுகளை ஆராய்ந்தவர்கள், சிறுமிகளைவிடச் சிறுவர்களே அதிக எண்ணிக்கையில் சிகிச்சைக்குக் கொண்டுவரப்படுவதைக் கண்டிருக்கிறார்கள். மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை என்று வரும்போது இடைவெளி மேலும் விரிகிறது. ‘குடும்பத்தின் முடிவு’ என்று சட்டம் சொல்லும்போது, குடும்பத்துக்குள் யாருடைய உயிர் எவ்வளவு பெறும் என்ற பழைய கணக்கும் சேர்ந்தே வருகிறது.

ரத்தப் புற்றில் பேசுவதற்கு நேரம் இருக்கிறது. முதல் கீமோவுக்கு முந்தைய நாள், நோய் திரும்பியதாக அறிக்கை வந்த நாள், மஜ்ஜை மாற்றத்துக்கு ஒப்புதல் வாங்கும் நாள். இந்நாட்களில் நோயாளி விழிப்போடு இருக்கிறார். அன்று அரை மணி நேரம் உட்கார்ந்து பேச ஒரு மருத்துவரோ செவிலியரோ ஒதுக்கப்பட வேண்டும். நூறு பேர் காத்திருக்கும் புறநோயாளர் பிரிவில் அந்த அரை மணி நேரம் தானாகக் கிடைக்காது. அது பணியிடங்கள் பற்றிய கேள்வி. அருணா ஷான்பாக் வழக்கை நினைவுகூரலாம். 1973 நவம்பரில் தாக்கப்பட்டு நினைவிழந்த அவரை, 2015 மே மாதம் இறக்கும்வரை, மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் செவிலியர் தலைமுறை தலைமுறையாகப் பேணினர். 2011இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் சொல்லைக் கேட்டுத்தான் தீர்ப்பெழுதியது. படுக்கையருகே நிற்பவரின் சொல்லுக்கு அன்று கிடைத்த மதிப்பு, ஒப்பந்தக் கூலியில் ஒருவரே பல நோயாளிகளைப் பார்க்கும் இன்றைய தீவிர சிகிச்சைச் செவிலியருக்குக் கிடைப்பதில்லை.

கேரளத்துக்கு இதில் ஒரு முன்னிலை உண்டு. 1993இல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் எம்.ஆர்.ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் தொடங்கிய வலி மற்றும் தணிப்புச் சிகிச்சைச் சங்கம், மருத்துவத்தை அக்கம்பக்கத்தாரின் பணியாக மாற்றியது. 2008இல் வி.எஸ்.அச்சுதானந்தன் தலைமையிலான இடது ஜனநாயக முன்னணி அரசு, நாட்டிலேயே முதன்முதலாகத் தணிப்புச் சிகிச்சைக்கென மாநிலக் கொள்கையை அறிவித்தது. உள்ளாட்சிகள் தங்கள் திட்ட நிதியிலிருந்து செவிலியரை அமர்த்தி வீடு தேடிச் செல்லும் முறை அதிலிருந்து வளர்ந்தது. 2020இல் மூளைச்சாவை உறுப்பு தானத்தோடு கட்டிப்போடாமல் தனியே சான்றளிக்க நெறிமுறை வகுத்ததும் கேரளம்தான். கொல்லம் அரசு மருத்துவக் கல்லூரியில் 2024இல் முன் உயில் பற்றிய தகவல் மையம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு புற்று மருந்துகளை லாபமின்றி விற்கும் காருண்ய ஸ்பர்சம் விற்பனையிடங்கள் தொடங்கின. எல்லைக்கு இப்பால் தமிழ்நாடும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுத் தணிப்புச் சிகிச்சையைச் சேர்த்திருக்கிறது.

இந்தப் பெருமையில் ஓர் ஓட்டை இருக்கிறது. வாய், மார்பகப் புற்று நோயாளிகளை எளிதில் எட்டும் தணிப்புச் சிகிச்சை, ரத்தப் புற்று நோயாளியை உலகெங்கும் தாமதமாகவே எட்டுகிறது. கடைசி வாரம்வரை அவருக்கு ரத்தமும் தட்டணுக்களும் ஏற்ற வேண்டியிருப்பதால் அவர் வீட்டுக்குத் திரும்ப முடிவதில்லை. வீட்டுக்கு வந்தவர் மூக்கில் ரத்தம் ஒழுக, மீண்டும் திருவனந்தபுரத்துக்கு ஓடுகிறார். அங்கே வரவேற்பது தீவிர சிகிச்சைப் பிரிவு அல்லது அந்தக் காகிதம். நெய்யாற்றின்கரை, பாறசாலை போன்ற மருத்துவமனைகளிலேயே இத்தகையோருக்குப் பகல்நேரத்தில் தட்டணு ஏற்றி மாலையில் வீடு அனுப்பும் ஏற்பாடு உறுதி செய்யப்பட்டால், ஊராட்சியின் செவிலியர் மார்பினோடு வீட்டுக்கு வர முடிந்தால், கடைசி நாட்கள் வேறுவிதமாக இருக்கும். தட்டணு தருவதற்கு ஆட்களுக்குப் பஞ்சமில்லை. 2017 முதல் மருத்துவக் கல்லூரி வாசலில் நாள்தோறும் உணவுப் பொட்டலம் சுமந்து வரும் வாலிபர் சங்கத் தோழர்கள் ரத்தம் தருவதிலும் முன்வரிசையில் நிற்பவர்கள்தான்.

படுக்கை பற்றாக்குறை உள்ளவரை, ஒரு படுக்கைக்கு இருவர் காத்திருக்கும் இரவும் வரும். தலையில் அடிபட்ட இளைஞனும் கீமோவில் இருக்கும் அன்னையும். அன்று பணியிலிருக்கும் இளம் மருத்துவர், தொலைபேசியில் வரும் பரிந்துரைகளுக்கு நடுவே, தனியே முடிவெடுக்க விடப்படக்கூடாது. யாருக்கு முன்னுரிமை, எந்த அடிப்படையில், எத்தனை நாளுக்குப் பின் மறுஆய்வு என்ற விதி எழுத்தில் இருக்க வேண்டும். வாசலில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். ‘புற்று’ என்ற ஒரு சொல்லே மறுப்புக்குக் காரணமாகக்கூடாது என்பது அதன் முதல் வரியாக இருக்கலாம். ஆலோசனையை மீறி வெளியேறியோர் எத்தனை பேர், அவர்கள் நோய் என்ன, வெளியேறிய நாளில் கட்டிய தொகை என்ன என்ற கணக்கை ஒவ்வொரு மருத்துவமனையும், குறிப்பாகத் தனியார், மாவட்ட மருத்துவ அலுவலருக்கு மாதந்தோறும் அளிக்கச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். வெளியேறும் எவரும் தணிப்புச் சிகிச்சைச் செவிலியரின் பெயரும் மார்பின் சீட்டும் இன்றி வாசலைத் தாண்டக்கூடாது.

உச்ச நீதிமன்றத்தின் நெறிமுறைகளில் பலர் கவனியாத ஒரு வரி உண்டு. முன் உயிலின் பிரதி ஒன்றை உள்ளாட்சியிடம் ஒப்படைக்கலாம்; அதைக் காக்க மாநகராட்சியோ, நகராட்சியோ, ஊராட்சியோ ஓர் அலுவலரைக் குறிக்க வேண்டும். மகாராஷ்டிரத்தில் மகப்பேறு மருத்துவர் நிகில் தாதர் பம்பாய் உயர் நீதிமன்றத்தை நாடிய பிறகே அத்தகைய அலுவலர்கள் குறிக்கப்பட்டனர். கேரளத்தில் நீதிமன்றம்வரை போக வேண்டியதில்லை. பெருங்கடவிளை ஊராட்சியில் பிறப்புக்கும் இறப்புக்கும் பதிவேடு இருக்கிறது. ஆர்.சி.சி.யிலிருந்து திரும்பிய ஒருவர் நாளை ஓர் உயிலை எழுதி எடுத்து வந்தால், அதைக் கையில் வாங்கி வைக்க வேண்டிய அலுவலர் யார் என்று அடுத்த கிராம சபையில் எழுந்து கேட்கலாம்.